எதிர்த்துக் கேட்க ஓர் ஆள்

அவள் செய்தது அநியாயம், தம்பி. கையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கிக்கொண்டு, ஊர் சனம் அத்தனை பேர் நடுவிலும் என்னை அவமானப்படுத்திவிட்டாள். ஏதாவது தப்பாகப் பேசினாளா என்று கேட்பீர்கள். பேசவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அநியாயம். அந்த இடத்தில் அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். உங்கள் பை என் கைக்குட்டையில் இடிக்கிறது. உள்ளே முட்டை இருக்கிறது. ஆமாம், நாட்டுக்கோழி முட்டை. ஒன்றே ஒன்று. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதன் விலையைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும்.

நீங்களும் தூத்துக்குடிதானே? வண்டி எடுக்க இன்னும் அரை மணி நேரம் ஆகும். டிரைவரும் கண்டக்டரும் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் கார் இருக்கிறது. ஓட்டத்தான் ஆள் இல்லை. போன மாதம் டிரைவரைக் கொஞ்சம் திட்டினேன், சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டான். போகட்டும். இந்தக் கிருபாபுரத்திலிருந்து பஸ்ஸில் போனால் என்ன, குறைந்தா போவேன்?

என் பெயர் வெயிலுமுத்து. பழைய மெஷின் வாங்கி விற்கிறவன். எந்த மில்லில் பூட்டு விழுந்தாலும் மறுநாள் காலையில் அந்தக் கேட்டில் நான் நிற்பேன். பதினோரு வயதில் துறைமுகத்து ரோட்டில் ஆணி பொறுக்க ஆரம்பித்தவன். படிப்பு கிடையாது. அடி வாங்கி வாங்கிக் கற்றதுதான் எல்லாம். ஒன்று சொல்கிறேன், பேரத்தில் என்னை ஜெயித்தவன் இந்த ஜில்லாவில் இல்லை. என் மகன் கல்யாணத்தில் பந்தி போட்ட பிறகு சமையல்காரரோடு பேரம் பேசி, இலையில் சோறு விழாமல் முக்கால் மணி நேரம் நிறுத்தியவன் நான். அதிலிருந்து மகன் என்னோடு பேசுவதில்லை. ஆனால் விலை குறைந்தது. அதைச் சொல்ல மாட்டான் அவன்.

என்னை ஜெயித்தவன் இல்லை என்றேன். ஒரே ஒருத்தர். ஜெயித்தார் என்றும் சொல்ல முடியாது. இழுத்துப் பிடித்தார். ஞானசிகாமணி என்று பெயர். கம்பெனி வக்கீல். சென்னையில் பெரிய பெரிய கம்பெனிக்கெல்லாம் அவர்தான் பத்திரம் எழுதுவார். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விழுங்கினால் இவர் நடுவில் உட்கார்ந்து எலும்பு தொண்டையில் சிக்காமல் பார்த்துக்கொள்வார். சொந்த ஊர் இது. அதோ, அந்த வேப்பமரத்துக்குப் பின்னால் கோபுரம் தெரிகிறதே, அந்தக் கோயில்தான் அவர் கோயில். வேதக் கோயில், சர்ச்சு.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில் மூடினார்கள். மெஷினை விற்கிற கம்பெனிக்கு வக்கீல் இவர். வாங்குகிறவன் நான். மேஜைக்கு அந்தப் பக்கம் கோட்டுப் போட்டு ஐந்து பேர், இந்தப் பக்கம் நானும் என் குமாஸ்தாவும். நான் வாயைத் திறந்து விலை சொன்னதும் நாலு பேர் முகம் சுளித்தார்கள். இவர் மட்டும், "என்ன அண்ணாச்சி, பழைய இரும்பு விலைக்குக் கேக்குதீங்க, ஓடுற மெஷினுல்லா" என்றார். முப்பது வருஷம் சென்னையில் இருந்த மனுஷன், பேச்சு மாறவில்லை பாருங்கள்.

மூன்று நாள் இழுத்தது. மூன்றாம் நாள் மத்தியானம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஆள் களைத்துத் தூங்கிவிட்டார், இதுதான் சமயம் என்று நான் சடாரென்று இன்னும் ரெண்டு லட்சம் குறைத்துச் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து, "ஆமென்" என்றார். அப்புறம், "முடியாது அண்ணாச்சி" என்றார். ஜெபம் பண்ணியிருக்கிறார்! கையெழுத்துக்கு முன்னால் ஜெபம் பண்ணுவது அவர் வழக்கமாம். வியாபாரத்தில் இப்படி ஒரு தந்திரத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போடப் போகும்போது என் கையைப் பிடித்தார். "ஒம்பதாம் பக்கத்தை உங்க குமாஸ்தாவை வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்க. அதுக்கப்புறம் போடுங்க." கம்பெனி மேனேஜர் அவரை முறைத்தான். "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு போடுற கையெழுத்துதான் சார் நிக்கும்" என்று அவனுக்கும் ஒரு வார்த்தை. ஒன்பதாம் பக்கத்தில், மெஷினைக் கழற்றும்போது கட்டடம் இடிந்தால் முழுப் பொறுப்பும் எனக்கு என்று இருந்ததாம். அதை அடித்துவிட்டுத்தான் போட்டோம். அடுத்த மாதமே வடக்குச் சுவர் விழுந்தது. "அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்க முதலாளி" என்று குமாஸ்தா நச்சரித்தான். எதற்கு நன்றி? எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்தாரே, அதற்கா?

கிளம்பும்போது சொன்னார், "உங்களை மாதிரி ஆளு எங்க ஊர் ஏலத்துக்கு வேணும் அண்ணாச்சி. அறுப்பின் பண்டிகைக்கு வாங்க." அங்கே பிடித்தது வினை.

உங்களுக்கு அறுப்பின் பண்டிகை தெரியாதா? வருஷத்துக்கு ஒரு நாள். சபைக்காரர்கள் அவரவர் வீட்டில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். நெல்லு, வாழைக்குலை, முருங்கைக்காய், ஆட்டுக்குட்டி, கோழி, வீட்டில் சுட்ட கேக்கு. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வாசலில் பந்தல் போட்டு ஏலம் விடுவார்கள். அந்தப் பணம் கோயில் விடுதியில் தங்கிப் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு. அந்த விடுதி ஒரு காலத்தில் மூடப் பார்த்ததாம். இவர்தான் விடாமல் பிடித்து நிறுத்தினார். பிள்ளைகளுக்கு வாசிக்க ஒரு ஹால் முழுக்கப் புத்தகம். போதாதென்று சென்னையிலிருந்து வருஷம் ஒரு பாட்டு வாத்தியாரைக் கூட்டிவருவார், நாடகம் சொல்லிக்கொடுக்க ஒருத்தர், படம் போடச் சொல்லிக்கொடுக்க ஒருத்தர். "கணக்கும் சயின்ஸும் போதாதாவே, படம் எதுக்கு?" என்று கேட்டேன். "படிச்சவ சம்பாதிப்பா அண்ணாச்சி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவ என்ன செய்வா? அதுக்கும் ஏதாவது வேணும்லா?" என்றார். என்ன பேச்சு இது? சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவது, தூங்குவது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

முதல் வருஷம் வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். ஆட்டுக்கிடாய், வாழைக்குலை எல்லாம் நியாயமான விலைக்குப் போனது. ஜெபக்கனி வாத்தியார் என்று ஒருத்தர், அவர்தான் என்றைக்கும் ஏலம் கூவுவார். கடைசியில் ஒரு முட்டையைத் தூக்கிக் காட்டினார். "ரூத்தக்கா கோழி முட்டை! யாரு கேக்கா?" ரூத்தக்கா கோயில் கூட்டுகிறவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அவளால் கொடுக்க முடிந்தது ஒரு முட்டை.

"அம்பது" என்றார் வக்கீல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடையில் பத்து ரூபாய் கூடப் போகாத சாமானுக்கு ஒரு கம்பெனி வக்கீல் அம்பது கேட்கிறார் என்றால் என்ன அர்த்தம்? அதில் என்னமோ இருக்கிறது என்று அர்த்தம். நாற்பது வருஷத் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. விவரமானவன் ஒரு துருப்பிடித்த மோட்டாரை விடாமல் கேட்கிறான் என்றால் உள்ளே செம்பு இருக்கிறது. நான் "நூறு" என்றேன். அவர் "எரநூறு." நான் "ஐந்நூறு." பந்தலில் சிரிப்பான சிரிப்பு. அவர் சட்டைக் கையைச் சுருட்டுகிறார். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அவர் பக்கத்தில் நின்று, "விடாதீங்கப்பா! விடாதீங்கப்பா!" என்று குதிக்கிறாள். அவள்தான், நான் சொன்னேனே, அந்த அநியாயக்காரி. கடைசியில் ரெண்டாயிரத்து நூறுக்கு நான் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து உடைத்துப் பார்த்தேன். முட்டைதான். மஞ்சள் கூடக் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது.

போனைப் போட்டேன். "என்னவே முட்டை அது?"

"ரூத்தக்கா கோழி போட்டது அண்ணாச்சி."

"அப்ப எதுக்குவே அத்தனை ரூவாய்க்குக் கேட்டீரு?"

"நீங்க கேட்டீங்க, நானும் கேட்டேன்."

அந்தப் பக்கம் வீடே சிரிக்கிறது. அன்றைக்கு ஆட்டுக்கிடாயைவிட ரூத்தக்கா முட்டைதான் அதிக விலைக்குப் போனதாம். அடுத்த ஞாயிறு அவள் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாளாம். அதை எதற்கு என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அவள் எங்கே உட்கார்ந்தால் எனக்கென்ன? என் கோபம் எல்லாம், என்னை ஏமாற்றிவிட்டாரே என்பதுதான். அடுத்த வருஷம் வந்து அவர் தலையில் அதே முட்டையைக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று வந்தேன். கட்டியும் விட்டேன், மூவாயிரத்துக்கு. அதற்கடுத்த வருஷம் என் தலையில் விழுந்தது. அப்படியே போனது, பதிமூன்று வருஷம். சும்மா சொல்லக்கூடாது, கேட்பதில் அவருக்கு ஒரு அழகு இருந்தது. கடைசி நிமிஷம் வரைக்கும் அடக்கமாக இருந்துவிட்டு, மூணாம் தரம் சொல்ல வாத்தியார் வாயெடுக்கும்போது, "அதுக்கு மேல அம்பது" என்பார். சண்டாளர்.

ஏலம் முடிந்தால் யார் ஜெயித்தாலும் சாப்பாடு அவர் வீட்டில். அவர் சம்சாரம் பியூலா அம்மாள் அந்த முட்டையைப் பொரித்து, பெரிய தட்டின் நடுவில் காசு மாதிரி வைத்துக் கொண்டுவருவார். வக்கீல் கத்தியால் அதை நேர்பாதியாக வெட்டுவார். வெட்டிவிட்டு, "எதிர்த்தரப்புக்கு ஆட்சேபணை உண்டா?" என்பார். "உம்ம பாதி பெருசுவே" என்பேன். மகள் ஸ்கேலை எடுத்துவந்து அளப்பாள்.

சாப்பிடுவதற்கு முன்னால் ஜெபம். அதுவும் லேசில் முடியாது. சம்சாரம், மகள், தம்பி குடும்பம், ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள், விடுதிப் பிள்ளைகள், ஒவ்வொருத்தர் பெயரையும் சொல்லி வேண்டுவார். கடைசியில், "வெயிலுமுத்து அண்ணாச்சியின் கோபத்தை நீர் அறிவீர் ஆண்டவரே" என்பார். "நான் உம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்தா, என்னைப் பத்தி மேல கோள் சொல்லுதீரா?" என்று நடு ஜெபத்தில் கத்தினேன் ஒரு தடவை. பியூலா அம்மாள் சிரித்து, தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார்.

சாப்பாடு முடிந்தால் ஃபிடில். அவரே வாசிப்பார். மகள் பாடுவாள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். எனக்கு அதெல்லாம் ஏறாது. நாற்காலியிலேயே தூங்கிவிடுவேன். மறுநாள் போன் பண்ணி, "ரெண்டாவது கீர்த்தனைக்கு நல்லாச் சுருதி சேர்ந்து குறட்டை விட்டீங்க அண்ணாச்சி" என்பார். என் வீட்டில் எனக்குத் தூக்கம் வருவதில்லை, தம்பி. சம்சாரம் போய் ஆறு வருஷம் ஆகிறது. நாலு அறை. எல்லா அறையிலும் ஃபேன் போட்டு வைப்பேன். சத்தம் இருக்கட்டும் என்று. அந்த வீட்டு நாற்காலியில் எப்படித்தான் தூக்கம் வந்ததோ. நல்ல நாற்காலி. பழைய தேக்கு.

போன வருஷம் நடந்ததைக் கேளுங்கள். முட்டை வந்தது. நான் "எரநூறு" என்றேன். அவர் நிற்காமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "எரநூத்தம்பது" என்றார். நான் "முந்நூறு" என்றேன். அவ்வளவுதான். கையை ஆட்டினார். "போதும் அண்ணாச்சி. இந்த வருஷம் உங்களுக்கே."

போதுமா? முந்நூறில் போதுமா? எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "எனக்கு என்ன பிச்சை போடுதீரா?" என்று கேட்டேன். "மூச்சு வாங்குது வெயிலுமுத்து" என்றார், மெதுவாக. அண்ணாச்சி போட்டுப் பேசுகிறவர் அன்றைக்குப் பெயரைச் சொன்னார். மூச்சு வாங்குகிறதாம். ஒரு வார்த்தை, "அதுக்கு மேல அம்பது", அதைச் சொல்ல எவ்வளவு மூச்சு வேண்டும்? எத்தனை பேர் என்னிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விலையைக் குறைத்திருக்கிறார்கள் தெரியுமா? எல்லா நாடகமும் பார்த்தவன் நான். முட்டையை அங்கேயே மேஜையில் வைத்துவிட்டு நடந்தேன். "சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே" என்று பியூலா அம்மாள் வாசல் வரை வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் போன் வந்தது. எடுக்கவில்லை. அடுத்த வாரம் வந்தது. எடுக்கவில்லை. பேரத்தில் அதுதான் முறை. முதல் ரெண்டு தடவை எடுக்கக்கூடாது. மூன்றாவது தடவை எடுத்தால் நாம் சொல்வதுதான் விலை. மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து மகள் நம்பரிலிருந்து வந்தது. ஓகோ, ஆள் வைத்துப் பேசுகிறார், இறங்கி வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதையும் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் பேப்பரில் அவர் போட்டோ இருந்தது. கறுப்புக் கட்டம் போட்டு.

அடக்கத்துக்குப் போகவில்லை. கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது? கூப்பிட்டதைத்தான் நான் எடுக்கவில்லையே என்று சொல்வீர்கள். சொல்லாதீர்கள்.

இந்த வருஷம் வரவேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையில் எழுந்தேன், குளித்தேன், கால் தானாக வந்துவிட்டது. பந்தலில் எனக்கு நடுவில் நாற்காலி போட்டார்கள். எல்லாரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். என்னிடம் யாரும் மெதுவாகப் பேசினது கிடையாது. அப்போதே எனக்குச் சந்தேகம்.

ஜெபக்கனி வாத்தியார் முட்டையைத் தூக்கினார். வழக்கமாக வக்கீல் நிற்கிற தூணில் மகள் சாய்ந்து நிற்கிறாள். இப்போது அவளும் வக்கீல், அப்பா ஆபீசை அவள்தான் நடத்துகிறாள். நான் அவளைப் பார்த்தபடியே "ஐந்நூறு" என்றேன். சத்தம் இல்லை. வாத்தியார் என்னைப் பார்க்கிறார். மகள் தரையைப் பார்க்கிறாள். நான் "எண்ணூறு" என்றேன். ஆமாம் தம்பி, என் கேள்விக்கு மேலே நானே கேட்டேன். யாராவது வருவார்கள் என்று. "ஆயிரம்" என்றேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. "ரெண்டாயிரம்!" என்று கத்தினேன். எங்கேயோ ஒரு பொம்பளை மூக்கை உறிஞ்சுகிறாள். வாத்தியார் சொன்னார், "அண்ணாச்சி, உங்களுக்குத்தான். எதிர்த்துக் கேக்க ஆளில்லை." ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அப்புறம் எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டினார்கள், தம்பி!

மகள் வந்து இந்தக் கைக்குட்டையில் முட்டையைச் சுற்றிக் கையில் கொடுத்தாள். "அப்பா ஞாபகமா உங்களுக்கே விட்டுரணும்னு எல்லாரும் பேசி வச்சிருந்தோம் மாமா" என்றாள்.

பேசி வைத்திருந்தார்களாம்! ஏலத்துக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றால் எங்கள் தொழிலில் அதற்கு என்ன பெயர் தெரியுமா? சிண்டிகேட். அது கிரிமினல் வேலை. வக்கீலுக்குப் படித்தவளுக்குத் தெரியாதா? கோயில் வாசலில் ஒரு சபையே சேர்ந்து சிண்டிகேட் போட்டிருக்கிறது, ரூத்தக்கா உள்பட! அதை அவளிடமே கத்திச் சொன்னேன். அவள் அழுதாள். "அம்மா இலை போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருக்காங்க மாமா, வாங்க" என்றாள். நான் விறுவிறுவென்று வந்து இந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

எப்படிப் போவது அந்த வீட்டுக்கு, நீங்களே சொல்லுங்கள். முட்டை முழுசும் எனக்கு என்றால் யாரோடு உட்கார்ந்து தின்பது? விட்டுக்கொடுப்பது செத்தவனுக்குச் செய்கிற மரியாதை. நான் உயிரோடு இருக்கிறேன். என்னோடு சண்டை போட வேண்டும். அவர் போட்டார். பதிமூன்று வருஷம் போட்டார். மகனுக்குப் போட மனசில்லை, டிரைவருக்கு மனசில்லை, அவர் ஒருத்தர்தான்...

என்ன, யார்? ஜன்னல் பக்கமா?

அவளேதான். செருப்பைப் பாருங்கள், ஒரு காலில் அம்மா செருப்பு, ஒரு காலில் அவள் செருப்பு. இந்த வெயிலில் வீட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். மூச்சு வாங்குகிறது.

என்ன? இறங்க மாட்டேன். அம்மா சாப்பிடலைன்னா சாப்பிடச் சொல்லு. அழுறதை நிறுத்து முதல்ல, அழுது என்னை வாங்க முடியாது. இந்தா, இங்க பாரு. வாத்தியார் மூணு தரம் சொன்னதை நான் ஒத்துக்கிடலை. அந்த ஏலம் செல்லாது. வக்கீலு நீ, உனக்குத் தெரியும் செல்லாதுன்னு. நான் ரெண்டாயிரத்துல நிக்கேன். கண்டக்டர் விசில் ஊதப் போறான். உங்கப்பா பிள்ளைதானே நீ? வாயைத் திற. எனக்கு மேல கேளு. கேளும்மா!